பழைய கார்டு தமயந்திக்கு

பிப்ரவரி 16, ஞாயிறு

தமயந்தி 19. நான் 8.

இதை எழுதத்தான் இந்த டைரியையே இன்று எடுத்தேன். கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் எங்கள் பாலிடெக்னிக்குக்குக் கொடுத்தது. ஒன்றரை மாதமாக டிராயரில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழி வளர்ப்புக் குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். நாமக்கல்லில் வேறு எதை அச்சிடுவார்கள்?

ஆட்டம் இதுதான். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம், கம்ப்யூட்டரில் ஒருவரை ஒருவர் சுட வேண்டும். யார் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று முடிவில் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் என் மனைவி மேலே, நான் கீழே. அவளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். கல்யாணமான புதிதில் மௌஸை எப்படிப் பிடிப்பது என்று அவள் கைமேல் கை வைத்துக் காட்டினேன். அதற்கு முன் அவள் கம்ப்யூட்டரில் ஆடியதெல்லாம் சீட்டுக்கட்டு ஆட்டம் ஒன்றுதான்.

என் கையில் குறை இல்லை. கார்டில்தான் குறை. கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பாகம். விசிறி கூடக் கூடக் கார்டுக்கு வலுவும் கூடும். என்னுடையது இரட்டை விசிறி வைத்தது, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அவளுடையது ஒற்றை விசிறி. அதற்கு முன்பு என்னிடம் இருந்தது. நான் புதிது வாங்கினால் பழையது தமயந்திக்குப் போகும். இது எங்கள் வீட்டு வழக்கம்.

போன வருடம் அக்டோபர் வரை என் கார்டு அருமையாக ஓடியது. பிறகு ஆட்டத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அன்றிலிருந்து படம் திக்கித் திக்கி வருகிறது. படத்தின் தரத்துக்கான எல்லா அமைப்புகளையும் குறைத்துவிட்டேன். என் திரையில் மரத்துக்கு இலை கிடையாது, சுவருக்குச் செங்கல் கிடையாது. அப்படியும் திக்குகிறது. கார்டுக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

அவளுடைய ஒற்றை விசிறி மட்டும் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்கலாம். சில பழைய கார்டுகளுக்கு அப்படி அமைந்துவிடும். பதினான்கு வருடம் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 17, திங்கள்

17-9.

மார்ச் 2, ஞாயிறு

சேலத்துக்குப் போய் கார்டு பார்த்தோம். மூன்று விசிறி வைத்தது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தார். நல்ல கனம். வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறியிருந்தேன்.

தமயந்திக்கு என்னைவிடச் சந்தோஷம். "வாங்கிக்கோங்க மாமா. உங்க பழசு எனக்கு வந்துருமல்ல. எனக்குப் புகைக்குண்டு போட்டாத்தானுங்க பிரச்சனை. எவனாவது போட்டா படம் அப்படியே நின்னு போகுது. அது மட்டும் செரியாச்சுன்னா இன்னும் நல்லா ஆடுவேன்" என்றாள்.

இன்னும் நல்லா.

நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, "இன்னும் மூணு மாசம் போகட்டும். புது மாடல் வருதாமா" என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். புதிய பஸ் நிலையத்தில் பரோட்டா சாப்பிட்டோம், அவள் சால்னாவில் காரம் போதவில்லை என்றாள்.

புது மாடல் வரப்போவது உண்மை. வந்தால் இப்போதுள்ளவற்றின் விலை இறங்கும் என்பதும் உண்மை. காரணம் அதுதான், வேறு எதுவும் இல்லை.

மார்ச் 5, புதன்

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். 21-7.

மார்ச் 23, ஞாயிறு

முருகவேல் போன் செய்தான். என்னோடு படித்தவன், சேலத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். எங்கள் டீமுக்குத் தலைவன் அவன்தான். டீமின் பெயர் நாட்டுக்கோழிகள். பெயர் வைத்தது நான். முருகவேல், நான், இன்னும் மூன்று பேர். மூவரில் ஒருவன் வேலை கிடைத்து துபாய் போகிறான்.

"மாப்ள, தங்கச்சிய டீமுக்குள்ள கொண்டாடா. நாம இத்தன வருசம் ஆடுனதெல்லாம் ஆட்டமே இல்ல. அந்தப் புள்ள கைய பாத்தியா? சுவத்துக்கு அந்தப் பக்கம் எவன் நிக்கறான்னு தெரிஞ்சு வெச்சிருக்குது."

கையைப் பார்க்காமல் இருப்பேனா? அரை முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். தமயந்தி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். பச்சைக் குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். ஊசியைப் பிடிக்கும் அதே கைதான் மௌஸிலும். நடுங்காது, அவசரப்படாது. நான் பதறி நாலு குண்டு சுடுவதற்குள் அவள் ஒன்று சுட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடப் போய்விடுவாள்.

டீமில் சேர்த்தாயிற்று. நான்தான் அவள் பெயரைப் பதிவு செய்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆட்டத்தின்போது எல்லோரும் ஹெட்போனில் பேசிக்கொள்வோம். டீமில் மீதி இருக்கும் இரண்டு பெங்களூர்ப் பையன்களும் என்னை "சார்" என்பார்கள். முன்பெல்லாம் "சார், எப்படிப் போகலாம்?" என்று கேட்பார்கள். இன்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "அக்கா இருக்காங்கல்ல, தைரியமா போடா" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரிக்க, அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஹெட்போனில் ஒரு தடவையும் பக்கத்திலிருந்து ஒரு தடவையும் கேட்டது.

நடுவில் நான் சொன்ன ஒரு யோசனைக்கு, "ஓகே சார்" என்றார்கள். பிறகு அவள் சொன்ன வழியில் போனார்கள்.

நாளை சித்திரை ஒன்று. மாங்காய் வாங்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கியாயிற்று. லீவு. புது மாடல் வந்துவிட்டது, பழைய மாடலின் விலையும் இறங்கிவிட்டது. சேலத்துக் கடைக்காரரே போன் செய்து சொன்னார். வெயில் காலத்தில் பெரிய கார்டு போட்டால் அறை சூடாகும், ஆடி வரட்டும் என்று சொன்னேன். அவர் ஏசி கடையா வைத்திருக்கிறார், மறுத்துப் பேச? சரிங்க சார் என்று வைத்துவிட்டார்.

மாலையில் ஒண்டிக்கு ஒண்டி ஆடினோம். முதலில் பத்து தொடுகிறவருக்கு வெற்றி. பத்துக்கு நான்கு. பத்து அவளுக்கு.

வீட்டில் யாரும் இல்லை, அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன். புது மாடலும் காரணம் இல்லை, வெயிலும் காரணம் இல்லை. நான் மூன்று விசிறி வாங்கினால் என் இரட்டை விசிறி அவளுக்குப் போகும். ஒற்றை விசிறியிலேயே இப்படி ஆடுகிறவளுக்கு இரட்டை விசிறி கிடைத்தால், புகையிலும் அவளுக்குப் படம் நிற்காது. பிறகு எனக்கு மூன்று விசிறி இருந்தென்ன, முப்பது இருந்தென்ன? இப்போது தோற்றால் கார்டு பழசு என்று சொல்லிக்கொள்ளலாம். அப்போது என்ன சொல்வேன்?

பொறாமைதான். கட்டிய மனைவிமேல், ஒரு விளையாட்டுக்காக. வயது முப்பத்தெட்டு.

பக்கத்தின் அடியில்: "கோடையில் கோழிகளுக்குக் குளிர்ந்த நீர் கொடுக்கவும்."

ஜூன் 9, திங்கள்

லீவு முடிந்து கல்லூரி திறந்த நாள். களைத்துப் போய் வந்தால், தமயந்தி மேசையை இழுத்துப் போட்டுப் பின்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கம்ப்யூட்டர்களின் முதுகும் அவளுக்கு முன்னால்.

"ஏனுங் மாமா, உங்க டிவி வயரு மேல சொருவியிருக்குது, என்னுது கீழ சொருவியிருக்குது. அதெதுக்குங்க அப்படி?"

மானிட்டரை இன்னும் டிவி என்றுதான் சொல்கிறாள். இவளைத்தான் அவர்கள் அக்கா அக்கா என்று கொண்டாடுகிறார்கள். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"உன்னது வேற மாடல், என்னது வேற மாடல். தெரியாததுல கைய வெக்காத" என்றேன்.

"செரிங்க" என்றாள். துடைத்துவிட்டு மேசையைத் தள்ளிவைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளிச் சட்னி.

ஜூன் 10, செவ்வாய்

மோட்டார் மெக்கானிக் நம்பர் மாறிவிட்டது. புது நம்பரை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் லேப். ஒருவன் "சார், எனக்குப் படமே வரல" என்று பதினைந்து நிமிடம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னால் கேபிள் கழன்று கிடந்தது. வழக்கமான பிரசங்கத்தைச் செய்தேன். எதைக் குறை சொல்வதற்கு முன்னாலும் முதலில் கேபிளைப் பார். எல்லோரையும் மூன்று முறை சொல்லவைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி ஓடுகிறது. நான் போகவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு போட்டி அறிவித்திருக்கிறார்கள். செப்டம்பரில் வீட்டிலிருந்தே ஆடும் தகுதிச் சுற்று. அதில் தேறினால் நவம்பரில் மேடை ஏற்றுவார்கள், பெரிய திரையில் ஊரே பார்க்கும். இத்தனை வருடமாக நாட்டுக்கோழிகள் கனவு கண்டது இதைத்தான். இதற்கிடையில் தன் கடைக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் செய்கிற ஒருவனை முருகவேல் பிடித்துவிட்டான். இப்போது எங்களையும் சேர்த்து ஆறு பேர். ஆடுவது ஐந்து பேர்.

முருகவேல் நேரில் வந்தான். வரும்போதே மாம்பழம் வாங்கி வந்ததில் எனக்குப் புரிந்துவிட்டது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. நீ சப்ஸ்டிட்யூட்டா இரு. யாருக்காவது முடியலைன்னா நீதான்."

"என் கார்டு பழசுடா. அதான் இப்படி ஆயிருச்சு."

"தங்கச்சி கார்டு அதவிடப் பழசுதானடா?"

உள்ளே மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஏனுங் மாமா, நானே எனக்கு ஒரு கார்டு வாங்கிக்கட்டுங்களா? என் சம்பளத்துலயே. புகை போட்டா நிக்காம இருந்தாப் போதும்."

"உன்னது தனியா ஒண்ணு, என்னது தனியா ஒண்ணுன்னு எதுக்கு? தீபாவளிக்கு நான் வாங்கறேன். இரட்டை விசிறி உனக்கு வந்துரும்ல."

"போட்டி செப்டம்பர்லீங்களே."

"அதுக்கு என்ன பண்றது? அது வரைக்கும் சமாளி."

தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே "செரிங்க" என்றாள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் கேட்டதிலும் தப்பு எதுவும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தகுதிச் சுற்று, முதல் ஆட்டம். ஜெயித்தார்கள். தமயந்தி 26. நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டீ போட்டுக் கொடுத்தேன், அவள் குடிக்க மறந்துவிட்டாள். ஆறிய டீயை நானே குடித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தோற்றுவிட்டார்கள்.

இரண்டாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்று. இவர்களில் நான்கு பேர் போய்விட்டார்கள், தமயந்தி மட்டும் மிச்சம். எதிரில் இரண்டு பேர். ஒருவனைச் சுட்டாள். இன்னொருவன் புகைக்குண்டு போட்டான், மூன்று அடுத்தடுத்து. அவள் திரை நின்றது. ஒன்று, இரண்டு என்று நான் எண்ணினேன். படம் திரும்பி வந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். ஹெட்போனில் பையன்கள் "பரவால்லக்கா, பரவால்லக்கா" என்றார்கள்.

அவள் அழவில்லை. எழுந்து போய் பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்து, கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள். பிறகு வந்து, "என் கை செரியாத்தானுங்க மாமா இருந்துச்சு. படந்தான் நின்னு போச்சு" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அக்டோபர் 5. அதிலும் தோற்றால் கோயம்புத்தூர் இல்லை.

ஒன்று எழுத வேண்டும். அவள் திரை நின்றதே, அந்த இரண்டு நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டே நொடி. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் கோழித்தீவனக் கம்பெனியிடம் சொல்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

வருடா வருடம் இரண்டு கம்ப்யூட்டர்களையும் கழற்றி, தூசி ஊதி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. பொரி, கடலை, வாழைக்கன்று, எலுமிச்சை எல்லாம் அவள் வேலை. காலை ஒன்பது மணிக்கு என்னுடையதைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன்.

ஒரு கம்ப்யூட்டரின் முதுகில் திரைக் கேபிளைச் சொருக இரண்டு இடம் இருக்கும். மேலே இருப்பது மதர்போர்டினுடையது. அங்கே சொருகினால், அதிலேயே ஒட்டியிருக்கும் ஒரு சாதாரண சிப் படத்தை வரையும். கடிதம் அடிக்க, கணக்குப் போட அது போதும். கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. கார்டு வைத்திருப்பவர்கள் கீழேதான் சொருக வேண்டும். இதை நான் வருடத்துக்கு அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் கேபிள் மேலே சொருகியிருந்தது.

கீழே, கார்டின் துளையில், காய்ந்த சந்தனம். அதன்மேல் ஒரு வருடத்துத் தூசி. அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. போன ஆயுத பூஜையன்று சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டேன். கார்டுக்குப் பொட்டு வைத்தபோது வழிந்து துளைக்குள் போய்விட்டது. காயட்டும், அதுவரை மேலே சொருகி வைப்போம் என்று சொருகினேன். அதற்குள் அவள் தம்பி குடும்பத்தோடு வந்துவிட்டான். பொரி கொடுத்தோம், பேசினோம். மறந்துவிட்டேன்.

ஆட்டத்துக்கு அப்டேட் வந்ததும் அதே வாரம்தான்.

ஒரு வருடம். என் இரட்டை விசிறி கார்டு ஒரு வருடமாக உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வயதும் ஆகவில்லை, நோயும் இல்லை. கார்டே இல்லாமல் ஆடிக்கொண்டு கார்டைத் திட்டியிருக்கிறேன். கார்டே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன், அந்தக் கார்டைத் தன் மனைவிக்குக் கொடுக்க மனமில்லாமல் கத்திரி, ஆடி, தீபாவளி என்று தேதி சொல்லியிருக்கிறான். அது அவளிடம் இருந்திருந்தால் அன்று அந்தப் புகையில் படம் நின்றிருக்காது.

டைரியைத் திருப்பினேன். ஜூன் 9. "உங்க டிவி வயரு மேல சொருவியிருக்குது." என் கையெழுத்துதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பிடித்தும்விட்டேன். பின்பக்கத்தில் மோட்டார் மெக்கானிக் நம்பர் இருந்தது. விட்டுவிட்டேன்.

"பொட்டு வெக்கலாங்களா?" தமயந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஈரத்தலையில் துண்டு. நான் முதுகால் மறைத்துக்கொண்டு, "இரு, இன்னும் தூசி இருக்குது" என்றேன். அவள் போனதும் பல்துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். கேபிளைக் கீழே சொருகினேன்.

சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நாள், புதிதாக எதையாவது தொடங்கலாம் என்பார்கள்.

ஒண்டிக்கு ஒண்டி ஆடலாமா என்று நானே கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம். உட்கார்ந்தோம். குறைத்த அமைப்புகளையெல்லாம் மறுபடி ஏற்றியிருந்தேன். என் திரையில் மரங்களுக்கு இலை இருந்தது. சுவரில் செங்கல் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் படம் தண்ணீர் போல ஓடியது. எனக்குக் கண்ணீர் வராத குறை. இன்று தெரியட்டும் யார் யாரென்று, என்று நினைத்துக்கொண்டேன். பூஜைப் பொரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

பத்துக்கு மூன்று.

பத்து அவளுக்கு. மே மாதம் கார்டு இல்லாமல் நான்கு எடுத்திருந்தேன்.

"இன்னைக்கு உங்களுக்குப் படம் நல்லா ஓடுனாப்ல இருந்துச்சுங்களே மாமா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ம்" என்றேன்.

சொல்லிக்கொள்ள இனி எதுவும் இல்லை. வயிறு எரியும் என்று பயந்திருந்தேன். எரிந்தது. ஆனால் எத்தனை நேரம்தான் எரியும்? அடை சுட்டுத் தந்தாள், மூன்று சாப்பிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

அவள் வேலைக்குப் போனதும் அரை நாள் லீவு போட்டேன். என் கம்ப்யூட்டரிலிருந்து இரட்டை விசிறியைக் கழற்றி அவளுடையதில் மாட்டினேன். ஒற்றை விசிறியை என்னுடையதில் மாட்டினேன். இரண்டு கேபிள்களையும் கீழே சொருகி, டார்ச் அடித்து மூன்று முறை பார்த்தேன்.

ஐந்தரைக்கு வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இதெதுக்குங்க மாமா? நீங்கதான் இன்னும் புதுசு வாங்கலையே."

"எனக்கு அது இல்லாமயே ஒரு வருசம் ஓடிப்போச்சு." அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சந்தனம் வழிந்தது, மேலே சொருகியது, தம்பி வந்தது, மறந்தது. கடையில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது ஏன் என்பது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு நொடிச் சந்தோஷத்தையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால், அவளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயரு விசயம் எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்ப இருந்து?"

"ஜூன்ல இருந்து. நீங்க வஞ்சீங்கல்ல, அன்னைக்கே போன்ல தேடிப் பாத்தனுங்க. கீழதான் சொருவோணும்னு போட்டிருந்துது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்கதானுங்க தெரியாததுல கைய வெக்காதன்னீங்க. வெக்கல." நகத்தைப் பார்த்தாள். "மொதல்ல கோவத்துல சொல்லல. அப்பறம்... சொன்னா நீங்க செரி பண்ணீருவீங்க. செரி பண்ணீட்டா நீங்க ஜெயிச்சுருவீங்களோன்னு இருந்துச்சு. எனக்கு ஜெயிக்கறது நல்லா இருந்துச்சுங்க மாமா. இதுக்கு முன்ன எதுலயும் நான் மொதல்ல வந்ததில்ல."

நான்கு மாதமாக இருவரும் அரை முழ தூரத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொன்றைப் பொத்திவைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"செரி பண்ணித்தான் நேத்து ஆடுனேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நேத்துங்களா? பத்துக்கு மூணு..."

"ஆமா."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அங்கே வெகு நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கோபமாக இருக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை பதினொரு மணி ஆட்டம். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கடைசிச் சுற்றில் மறுபடியும் அதே கதை. இவள் ஒருத்தி, எதிரில் இரண்டு பேர். புகை வந்தது. இந்த முறை நான் எண்ணவில்லை. திரை நிற்கவில்லை, புகை சுருண்டு சுருண்டு போனது. அவள் காத்திருந்தாள். நரம்பு தெரியும்வரை காத்திருப்பாளே, அதே முகம். புகையின் ஓரத்தில் ஒரு தோள்பட்டை தெரிந்தது. சுட்டாள். இன்னொருவன் பின்னால் வந்தான். நான் "பின்னாடி!" என்று கத்தினேன். திரும்பிச் சுட்டாள்.

நாட்டுக்கோழிகள் கோயம்புத்தூர் போகிறார்கள். முருகவேல் ஹெட்போனிலேயே அழுதுவிட்டான். நான் நாற்காலியிலிருந்து எழுந்தது எப்போது என்று தெரியவில்லை, நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் பொறாமை இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

"பின்னாடின்னு நீங்க கத்துனதாலதானுங்க தப்பிச்சேன்" என்றாள். அவள் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

மதியம் கோழிக்குழம்பு. சாப்பிடும்போது வழக்கத்தை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இனிமேல் வீட்டுக்கு வரும் புதிய கார்டு அவளுக்கு, பழையது எனக்கு. ஆக, மூன்று விசிறி அவளுக்கு வந்தால் என் இரட்டை விசிறி என்னிடமே திரும்பி வரும். ஒற்றை விசிறியில் புகை வந்தால் என்ன ஆகிறது என்று நேற்று ஆடிப் பார்த்தபோது எனக்கும் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் அவளிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா மாமா? புதுசு எனக்குங்களா?"

"உனக்குத்தான். மேடையில ஆடப் போற ஆளு. எப்ப வாங்கலாம்னு நீயே சொல்லு. நாளைக்கே சேலம் போறதுன்னாலும் செரி."

தமயந்தி எலும்பைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். என் கம்ப்யூட்டரை ஒரு முறை பார்த்தாள், தன்னுடையதை ஒரு முறை பார்த்தாள்.

"இன்னும் மூணு மாசம் போகட்டுங்க மாமா" என்றாள். "புது மாடல் வருதாமா."